ஈதன் பெக்கரின் கத்திகளுக்கு உரிய மரியாதை கிடைக்கவில்லை

கத்தி, அரிவாள், கோடாரி என்று ஆர்வமாகப் பேசுகிற நண்பர்கள் எனக்கு மதுரையிலும் வெளியூரிலும் நிறைய உண்டு. உட்கார்ந்தால் எந்த எஃகு, எவ்வளவு கடினம், யார் கையால் செய்தது, எத்தனை மாதம் காத்திருந்து வாங்கியது என்று பேச்சு நள்ளிரவைத் தாண்டும். அந்தப் பேச்சில் ஈதன் பெக்கர் பெயரை எடுத்தால் மட்டும், "நல்ல கத்திதான், விலைக்கு மோசமில்ல" என்று ஒரே வரியில் கடந்துவிடுகிறார்கள். எனக்கு இது ரொம்ப நாளாக மனக்குறை. தோப்பு வேலை, மலைநடை, முகாம் வேலை ஆகியவற்றுக்கான கனத்த கத்திகளை வடிவமைத்தவர்களில், பிடிக்கிற கையைப் பற்றி இவரளவு யோசித்தவர் யாருமில்லை என்பது என் கருத்து. ஏன் அப்படிச் சொல்கிறேன் என்று கொஞ்சம் விரிவாகவே எழுதிவிடுகிறேன்.

முதலில் ஆள் யார் என்று சொல்ல வேண்டும். பெக்கர் ஒரு சமையல் குடும்பத்துப் பிள்ளை. 1931-ல் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரத்தில் இர்மா ராம்பவர் என்ற பெண்மணி, கணவரை இழந்த கொஞ்ச காலத்திலேயே, தன் கைக்காசைப் போட்டு ஒரு சமையல் புத்தகம் அச்சிட்டார். பெயர் 'ஜாய் ஆஃப் குக்கிங்'. தாய் மகளுக்குக் கொடுத்து, மகள் தன் மகளுக்குக் கொடுத்து, அந்த நாட்டு அடுப்படிகளில் தலைமுறைகளாக இருக்கும் புத்தகம் அது. இர்மாவுக்குப் பிறகு அதை வளர்த்தெடுத்தவர் மகள் மரியன். அந்த மரியனின் மகன்தான் ஈதன். பாரிஸ் போய் லெ கோர்டன் ப்ளூ பள்ளியில் சமையல் படித்தவர். பாட்டி புத்தகத்தின் 1997, 2006 பதிப்புகளில் அவர் பெயரும் இருக்கிறது.

இந்தக் கதையைக் கேட்கிறவர்கள் "அப்படியா" என்று ஆச்சரியப்பட்டுவிட்டு அடுத்த விஷயத்துக்குப் போய்விடுவார்கள். எனக்கு அவர் கத்திகளைப் புரிந்துகொள்ளச் சாவியே இதில்தான் இருக்கிறது. மணிக்கணக்கில் நின்று நறுக்கிப் பழகியவருக்குக் கத்தி உள்ளங்கையில் எந்த இடத்தை உறுத்தும், எந்த விரல் முதலில் சோரும், ஈரக்கையில் எங்கே வழுக்கும் என்பதெல்லாம் உடம்பிலேயே ஏறியிருக்கும். கண்ணாடி அலமாரியில் வைக்கக் கத்தி வரைகிறவருக்கு அது வராது.

சரி, கத்திக்கு வருவோம். பெக்கர் கத்திகளில் என்னிடம் இருப்பது பி.கே.2 என்ற மாதிரி. அமெரிக்காவில் இருக்கும் சித்தப்பா மகன் ஊருக்கு வரும்போது, விமானத்தில் லக்கேஜோடு போட்டுக் கொண்டுவந்தது. அலகு ஐந்தேகால் அங்குலம்தான். ஆனால் முதுகு கால் அங்குலக் கனம், அதாவது ஆறு மில்லிமீட்டருக்கு மேல். எடை அரைக் கிலோவை நெருங்கும். முனையிலிருந்து பிடியின் கடைசி வரை ஒரே இரும்புப் பாளம். அதன் இரண்டு பக்கமும் பிடிப்பட்டைகளை மூன்று ஸ்க்ரூ போட்டு முடுக்கியிருக்கிறார்கள். இதைப் பார்த்தவுடன் "கூர் தீட்டின கடப்பாரை" என்று வெளிநாட்டு ஆட்களும் சொல்கிறார்கள், நம் ஆட்களும் சொல்கிறார்கள். அந்தப் பேச்சில் அலகின் கனம்தான் கண்ணுக்குப் படுகிறது. பிடியை யாரும் பார்ப்பதில்லை.

அந்தப் பிடியைப் பாருங்கள். விரல்களுக்குத் தனித்தனியாகப் பள்ளம் கிடையாது. பள்ளம் வெட்டிய பிடி கடையில் எடுத்துப் பார்க்கும்போது சுகமாக இருக்கும். ஆனால் அந்தப் பள்ளம் ஒரே ஒரு அளவுக் கைக்கும் ஒரே ஒரு பிடிப்புக்கும்தான் சேரும். பெக்கர் அதை வேண்டாமென்று விட்டுவிட்டு, உள்ளங்கை பொருந்தும் நடுப்பகுதியை லேசாகப் புடைக்க வைத்தார். ஆள்காட்டி விரல் வரும் இடத்தில் ஒரு இறக்கம். பின்கோடியில் கீழ்நோக்கி இன்னொரு புடைப்பு, சுண்டுவிரல் போய் முட்டி நிற்க. முன்னால் தள்ளிப் பிடித்தால் குச்சி சீவலாம்; பின்னால் இறக்கிப் பிடித்தால் ஓங்கி வெட்டலாம். சித்திரை வெயிலில் கையெல்லாம் வியர்த்து ஊற்றும்போது, ஓங்கி இறக்குகிற வேகத்தில் கத்தி நழுவப் பார்க்கும். அந்த நேரத்தில் பின்கோடிப் புடைப்பு சுண்டுவிரலில் வந்து நிற்பதை உணரலாம். அழுத்திப் பிடிக்கத் தேவையில்லை. அழுத்திப் பிடிக்காததால் மணிக்கட்டு வலிப்பதில்லை. நத்தம் பக்கம் எங்கள் மாந்தோப்பில் காய்ந்த கிளைகளை வெட்டி ஒதுக்கும் நாட்களில், மதியச் சாப்பாட்டுக்குப் பிறகும் கை விரல்கள் மடங்குகின்றன என்றால் அதற்கு அந்தப் பிடிதான் காரணம்.

குறையும் உண்டு. தொழிற்சாலையிலிருந்து வரும் பிளாஸ்டிக் பிடிப்பட்டை வழவழப்பு அதிகம். வடிவம் நன்றாக இருப்பதால்தான் அந்த வழவழப்பையும் மீறிக் கையில் நிற்கிறது. பலரும் உப்புத்தாள் போட்டுச் சொரசொரப்பாக்கிக் கொள்கிறார்கள். நான் ஸ்க்ரூவைக் கழற்றிவிட்டு, ஆசாரி ஒருவரிடம் கொடுத்து நாட்டுக் கருவேலங்கட்டையில் வேறு பட்டை செய்து மாட்டிக்கொண்டேன். இப்படிக் கழற்றி மாட்ட வழி வைத்ததும் எனக்கு அவர் மேல் மதிப்பைக் கூட்டிய விஷயம். வாங்கியவர் தன் கைக்கேற்ப மாற்றிக்கொள்ளட்டும் என்ற பெரிய மனசு வடிவமைப்பாளர்களிடம் லேசில் வராது. உலகம் முழுக்கப் பெக்கர் கத்தி வைத்திருப்பவர்கள் மேல்பூச்சைச் சுரண்டுவதும், பிடியை மாற்றுவதும், ஒருவருக்கொருவர் காட்டி மகிழ்வதுமாக இருக்கிறார்கள்.

இந்தக் கத்தியைத் திருப்பாச்சேத்திக்குக் கொண்டுபோனதைச் சொல்லியாக வேண்டும். எங்கள் வீட்டுக்கு அரிவாள் அடித்துத் தருகிற பட்டறைக்காரர் அங்கே இருக்கிறார். ஊர் பேர் கேட்டாலே அரிவாள் நினைவு வருகிற ஊர். லாரி ஸ்பிரிங் பட்டையை வெட்டி, உலையில் பழுக்கக் காய்ச்சி, சம்மட்டி அடியில் வளைவை வரவைப்பார்கள். அண்ணன் என் கத்தியை வாங்கி வாயைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்தார். முதுகைப் பார்த்தார்.

"தம்பி, வாய் நல்லாத்தான் இருக்கு. முதுகு எதுக்கு இம்புட்டு கனம்? ஓங்கி வெட்டுனா எறங்காதே."

"கட்டையால முதுகுல தட்டி வெறகு பொளக்கலாம்ணே. அதுக்குத்தான்."

"அதுக்குத்தேன் கோடாரி இருக்குல்ல?"

அவர் கேட்டது நியாயமான கேள்வி. தோப்பில் கோடாரி இருக்கிறது, அரிவாள் இருக்கிறது, வெட்டுகிற வேலைக்கு வெட்டுக்கத்தி இருக்கிறது. பி.கே.2 அந்த இடத்துக்குச் செய்த பொருள் இல்லை. முதுகுப்பையில் ஒரே ஒரு இரும்புதான் கொண்டுபோக முடியும் என்ற நிலைமைக்குச் செய்தது. விறகும் பிளக்க வேண்டும், குச்சியும் சீவ வேண்டும், டின்னும் திறக்க வேண்டும், கல்லுக்கு நடுவில் நெம்பவும் வேண்டும், ஆனாலும் உடையக் கூடாது. இதைச் சொன்னபோது அண்ணன் தலையாட்டினாரே தவிர ஒப்புக்கொள்ளவில்லை. ஆனால் பிடியை மட்டும் இரண்டு மூன்று விதமாக மாற்றி மாற்றிப் பிடித்துப் பார்த்தவர், "இதுக்கு அளவு எடுத்துக்கிறவா?" என்றார். ஒரு பலகையில் வைத்துச் சுற்றிலும் சாக்பீஸால் கோடு இழுத்துக்கொண்டார். அடுத்த முறை அவரிடம் வாங்கிய வெட்டுக்கத்தியின் மரப்பிடியில் பின்கோடி கொஞ்சம் புடைத்து வந்திருந்தது.

நம் அரிவாள் பிடியில் எனக்குள்ள வருத்தத்தையும் சொல்லிவிடுகிறேன். அலகின் வாலைக் காய்ச்சி மரத்துக்குள் இறக்கி, பூண் போட்டு இறுக்குவது நம் முறை. கோடையில் மரம் வற்றினால் பிடி ஆட ஆரம்பிக்கும். தண்ணீரில் ஊறப்போட்டு இறுக வைப்போம். அலகுக்குக் கொடுத்த அக்கறையில் பாதி பிடிக்குக் கொடுத்திருந்தால் நம் அரிவாளை மிஞ்ச உலகத்தில் எதுவும் இல்லை. அந்த வளைவு சாதாரண மூளையில் உதித்ததா? சீமைக்கருவேல முள்ளில் கையை விடாமல் கிளையைக் கொக்கியில் மாட்டி இழுத்து, இழுத்த இழுப்பிலேயே அறுத்துவிடலாம். 2017-ல் உயர்நீதிமன்ற மதுரைக் கிளையின் உத்தரவுக்குப் பிறகு ஊர் ஊராகச் சீமைக்கருவேலத்தை வெட்டித் தள்ளியபோது, பெரிய மரத்துக்கு ஜேசிபி வந்தாலும் புதருக்கு அரிவாள்தான் நின்றது. அங்கே பி.கே.2-ஐக் கொண்டுபோனால் முள்தான் கையைக் கிழிக்கும். நேரான, குட்டையான அலகு அந்த வேலைக்கு ஆகாது. எதற்கு எது என்று தெரிந்து பாராட்டுவதுதான் பாராட்டு.

அப்புறம் சமையல். இவ்வளவு சமையல் பின்னணி உள்ளவர் செய்த பி.கே.2-ல் வெங்காயம் நறுக்கிப் பாருங்கள். பாதி இறங்குவதற்குள் கனமான முதுகு வெங்காயத்தைப் பிளந்துவிடும், நறுக்காது. பெக்கருக்கு இது தெரியாமல் இல்லை. அதற்கென்றே பி.கே.5 என்று ஒன்றை வரைந்திருக்கிறார். ஒன்பது அங்குலத்தில், பெரிய அடுப்படிக் கத்தியின் சாயலில், முகாமில் பத்துப் பேருக்கு இறைச்சி வெட்டுகிற மாதிரி. அதே நீளத்தில் வெட்டு வேலைக்குப் பி.கே.9. நண்பர் ஒருவரிடம் இருக்கும் பி.கே.9-ஐ நான் சிறுமலை அடிவாரத்தில் அவருடைய தோட்டத்தில் வைத்துப் பயன்படுத்திப் பார்த்திருக்கிறேன். முதுகு மெலிவு, அலகு நீளம், அதனால் ஓங்கும்போது வேகம் முனைக்குப் போகிறது. கட்டைவிரல் கனக் கிளை ஒரே வெட்டு. ஒரே ஒரு பெக்கர் கத்திதான் வாங்க முடியும் என்று யாராவது கேட்டால், என்னிடம் இருப்பது பி.கே.2 என்றாலும் பி.கே.9-ஐத்தான் சொல்வேன். இரண்டிலும் பிடி ஒரே வடிவம். ஒன்றில் பழகிய கை இன்னொன்றை எடுத்தவுடன் வேலையை ஆரம்பித்துவிடுகிறது.

எஃகைப் பற்றி நீட்டி முழக்க எதுவுமில்லை. 1095 என்ற கரி எஃகில் கொஞ்சம் குரோமியம், கொஞ்சம் வனேடியம் சேர்த்தது. துருப்பிடிக்கும். மேலே கறுப்புப் பூச்சு இருப்பதால் வாய்ப் பகுதி மட்டும்தான் வெறும் இரும்பு. அதில் பச்சை மாங்காய் நறுக்கினால் சாறு பட்ட இடம் கொஞ்ச நேரத்திலேயே சாம்பல் பூத்து, பிறகு கருநீலமாகிவிடும். துடைத்தால் போகாது, போக வேண்டியதும் இல்லை. அந்தப் படலம் துரு ஏறுவதை ஓரளவு தடுக்கிறது. வேலை முடிந்ததும் ஈரம் துடைத்துத் தேங்காய் எண்ணெய் ஒரு சொட்டு. சாதாரணச் சாணைக்கல்லிலேயே கூர் திரும்ப வந்துவிடும். விலையுயர்ந்த எஃகு வகைகளில் வைரக்கல் இல்லாமல் திண்டாடியவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

இவ்வளவு இருந்தும் ஏன் கொண்டாடப்படவில்லை? சேகரிப்பவர்களுக்கு எளிதில் கிடைக்காத பொருள்தான் பெருமை. பெக்கர் தன் வடிவங்களைத் தொழிற்சாலைக்குக் கொடுத்தார், சாமானியன் வாங்குகிற விலையில் வரட்டும் என்று. ஒரு காலத்தில் நியூயார்க் மாநிலத்துக் கமிலஸ் நிறுவனம் செய்தது. 1876 முதல் இருந்த அந்த நிறுவனம் 2007-ல் மூடப்பட்டது. அத்தோடு பெக்கர் கத்திகளும் போயிருக்க வேண்டியது. இரண்டாம் உலகப் போரில் அமெரிக்க மரைன் படையினர் இடுப்பில் இருந்த கத்தியால் பேர் வாங்கிய கா-பார் நிறுவனம் அவற்றைக் கையில் எடுத்ததால் பிழைத்தன. கடைக்குப் போனால் கிடைக்கிறது, விலையும் மிதம், பார்க்கப் பகட்டும் இல்லை. இந்த மூன்றும் சேர்ந்தால் அதைச் செய்தவர் பேர் யார் வாயிலும் வருவதில்லை. திருப்பாச்சேத்தி வளைவை முதலில் கண்டுபிடித்த கொல்லர் பேர் நமக்குத் தெரியுமா?

எங்கள் பக்கத்தில் இதில் இன்னொரு வேதனை உண்டு. மதுரை, அரிவாள் என்ற இரண்டு வார்த்தையைச் சேர்த்துச் சொன்னால் வெளியூர்க்காரர் மனதில் ஓடுவது சினிமாச் சண்டைதான். கருப்பசாமிக்கு அரிவாள் செய்து நேர்ந்து வைக்கிற மண் இது. இளநீர் வெட்டவும், பாளை சீவவும், வாழைத்தார் இறக்கவும் அதை அன்றாடம் எடுக்கிறவர்கள் நாங்கள். வெட்டுக்கருவியைப் பற்றி வடிவம், பிடி, எடை, வேலை என்று பேசுகிற பேச்சு தமிழில் நிறைய வந்தால்தான் அந்தச் சினிமாச் சாயம் வெளுக்கும். பெக்கரைப் பற்றி நான் எழுதுவதற்கு அதுவும் ஒரு காரணம்.

வாங்க நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. ஆயுதச் சட்ட விதிகளில் ஒன்பது அங்குலத்துக்கு மேல் நீளமோ இரண்டு அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள அலகுகள் வருகின்றன. வீட்டு வேலைக்கும் விவசாயத்துக்கும் என்று செய்தவற்றுக்கு விலக்கு இருக்கிறது. பி.கே.9 அந்த அளவின் விளிம்பில் நிற்கிறது. எது வாங்கினாலும் தோப்போடு இருக்கட்டும், பஸ்ஸிலும் பைக்கிலும் இடுப்பில் செருகிக்கொண்டு திரிய வேண்டாம். காப்புக்காட்டுக்குள் போய் ஒரு பச்சைக் குச்சியைக்கூட வெட்டாதீர்கள்.

பெக்கர் செய்தவற்றில் பி.கே.4 மட்டும் இன்னும் என் கைக்கு வரவில்லை. 'மாச்சாக்ஸ்' என்று பெயர். நேபாளத்துக் குக்ரி கத்தி போல வளைந்து, எடையெல்லாம் முன்பக்கம் தள்ளி நிற்கும் அலகு. படத்தில் பார்க்கும்போதே நம் வெட்டரிவாளுக்கு ஒன்றுவிட்ட தம்பி என்று தோன்றுகிறது. மதுரை, திண்டுக்கல், சிவகங்கைப் பக்கம் யாரிடமாவது இருந்தால் இன்பாக்ஸில் சொல்லுங்கள். நானே வருகிறேன், அல்லது ஞாயிற்றுக்கிழமை தோப்புக்கு எடுத்து வாருங்கள். வெட்டிப் பார்க்கக் காய்ந்த புளியங்கட்டை நிறையக் கிடக்கிறது. திருப்பாச்சேத்தி அண்ணனையும் கூப்பிட்டிருக்கிறேன், சாக்பீஸோடு வருவதாகச் சொல்லியிருக்கிறார்.