கண்ணுக்கு ஒன்று, கிரெப்புக்கு இரண்டு

கோப்புகளில் சொற்களைத் தேடித் தரும் கட்டளை கிரெப் (grep). அதைக் கொண்டு தமிழ்க் கோப்புகளில் தேடுவதை நான் படித்த ஒரு கட்டுரை தெளிவாகவே விளக்குகிறது. ஒரு எச்சரிக்கை மட்டும் கட்டாயம் சேர வேண்டும். "கொ"வின் ஒகரக் குறி ஒரே யூனிகோடு குறியீடாகவும் (கணினி எழுத்துக்குத் தரும் எண்) இருக்கலாம், எகரக் குறியும் காலுமாக இரண்டாகவும் இருக்கலாம். திரையில் வித்தியாசமே தெரியாது. ஆனால் ஒன்றைத் தேடினால் மற்றது சிக்காது. முதலில் யூகான்வ் (uconv) கருவியால் கோப்பை, இப்படிப் பிரிந்த குறிகளை ஒன்றாக்கும் என்எஃப்சி (NFC) வடிவத்துக்கு மாற்றிவிடுங்கள்.

"கௌரி"யை ளகரம் போட்டு "கெளரி" என்று தட்டியிருந்தால் என்எஃப்சியும் உதவாது. இரண்டு வடிவங்களையும் நடுவே நிமிர்கோடு (|) இட்டு, கிரெப்பின் ஹைஃபன் பெரிய ஈ (-E) விருப்பத்தோடு தேட வேண்டும். செட் (sed) என்ற திருத்தும் கட்டளை கொண்டு "கெள"வை மொத்தமாக மாற்றிவிடாதீர்கள், ளகரமே சரியான கெளுத்தி மீன் சிதைந்துபோகும்!

இன்னொன்று, "கி" என்பது யூடிஎஃப்-8 (UTF-8) என்ற சேமிப்பு முறையில் 2 குறியீடுகள், 6 பைட்டுகள். தேடுகோவையில் (regex) ஒரு புள்ளி ஒரு குறியீட்டையே பிடிக்கும், அதனால் "க"வோடு நின்றுவிடும். முழு எழுத்தைப் பிடிக்க ஹைஃபன் பெரிய பி (-P) கொடுத்து, பின்சாய்கோட்டோடு பெரிய எக்ஸ் (\X) போடுங்கள்.