சக்கரம் மடங்கினால்தான் வேகமா?

"பறக்கும்போது சக்கரம் உள்ளே மடங்காத சிறு விமானம் எதுவும் மடங்கும் விமானத்தின் வேகத்தை எட்டாது" என்று ஒருவர் எழுதியதைப் பலர் பகிர்ந்திருக்கிறார்கள். அது சரியல்ல.

ஒரே விமானத்தின் இரு வகைகளை ஒப்பிட்டால் அது பொருந்தும்: செஸ்னா 182-ஐவிடச் சக்கரம் மடங்கும் ஆர்182 வேகமானது. ஆனால் சிர்ரஸ் எஸ்ஆர்22-இன் சக்கரங்கள் மடங்குவதே இல்லை. 310 குதிரைத்திறன் எஞ்சினுடன் அதன் அதிகபட்சப் பயண வேகம் 183 நாட் (ஒரு நாட் என்பது மணிக்கு ஏறத்தாழ 1.85 கி.மீ.). சக்கரம் மடங்கும் பீச்கிராஃப்ட் பொனான்சா ஜி36-க்கு, 300 குதிரைத்திறன் எஞ்சினுடன், ஏறத்தாழ 175 நாட். சிர்ரஸின் வழவழப்பான கூட்டுப்பொருள் உடலும், சக்கரங்களைத் துளி வடிவில் மூடியிருக்கும் உறைகளும் காற்றின் இழுவையை வெகுவாகக் குறைக்கின்றன. மடக்கும் பொறியமைப்பின் எடையும் இல்லை. பொனான்சாவை விரும்பும் தனியார் விமானிகளுக்கு வேறு நல்ல காரணங்கள் உண்டு. அதை நான் மறுக்கவில்லை.

இரு நிறுவனங்களும் வெளியிட்ட விவரங்களில் இந்த வேகங்களைப் பார்க்கலாம். இன்னும் துல்லியமாகப் பார்க்க விரும்புவோர் விமானியின் கையேட்டில் ஐந்தாம் பிரிவைத் திறக்கலாம். உயரம், வெப்பநிலை, எஞ்சின் சக்தி வாரியாகப் பயண வேக அட்டவணை அங்கே இருக்கும். ஒப்பிடும்போது உயரமும் சக்தி விழுக்காடும் இரண்டிலும் ஒன்றாக இருக்கட்டும்.