அமெரிக்காவில் எந்த வீட்டுக்கும் ஒயின் அனுப்பலாமா?

"2005 தீர்ப்புக்குப் பிறகு அமெரிக்காவின் சிறு ஒயின் ஆலைகள் எந்த மாநிலத்து வீட்டுக்கும் பாட்டில் அனுப்பலாம்" என்று ஒரு தகவல் சுற்றுகிறது. தவறு.

அந்தத் தீர்ப்பு வந்த கிரான்ஹோம் வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் 5-4 என்ற கணக்கில் சொன்னது இவ்வளவுதான்: உள்மாநில ஆலையை அனுமதித்துவிட்டு வெளிமாநில ஆலையைத் தடுக்கக் கூடாது. இருவருக்கும் சேர்த்துத் தடை போட்டால் அது செல்லும். யூட்டா மாநிலத்தில் நிலைமை அப்படித்தான். 1933-ல் வந்த, அரசியல் சட்டத்தின் 21-வது திருத்தம் மாநிலங்களுக்குக் கொடுத்த அதிகாரம் இது.

அனுமதிக்கும் மாநிலங்களிலும் வேலை லேசில்லை. பெரும்பாலும் ஒவ்வொன்றுக்கும் தனி உரிமம், தனி வரிக் கணக்கு. ஒரு பாட்டில்கூட விற்காத காலத்துக்கும் பூஜ்யம் போட்டுப் படிவம் கேட்கும் மாநிலங்கள் உண்டு. பெரிய ஆலையில் இதற்கென்றே ஆள் இருப்பார். பீப்பாய் கழுவுகிறவரே கணக்கும் எழுதுகிற இடத்தில் இது உண்மையிலேயே பெரும் சுமை.

அரசு அஞ்சலில் மது அனுப்ப முடியாது. தனியார் கூரியருடன் ஒப்பந்தம் வேண்டும். 21 வயது நிரம்பியவர் கையெழுத்திட்டே வாங்க வேண்டும். வீட்டில் ஆள் இல்லையென்றால் பெட்டி மறுபடி வண்டி ஏறும். கோடைச் சூட்டில் ஒயின் விரிந்து கார்க்கை மேலே தள்ளும். காற்றுப் புகுந்து கெட்டுவிடும்.