பாதிப் பேச்சைக் கேட்டுவிட்டு முழுசாகத் திட்டாதீர்கள்

மாஸ்டடான் போலத் தனித்தனிச் சர்வர்களில் ஓடிக்கொண்டே ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும் சமூக வலைத்தளங்களின் கூட்டமான ஃபெடிவர்ஸில் ஒரு சாதாரண விஷயத்தைச் சாதாரணமாகப் பேசிவிட்டுப் போக முடியவில்லை. இதைச் சொன்னவுடன் நாலு பேர் வரிந்துகட்டிக்கொண்டு வருவார்கள் என்று தெரியும். வரட்டும். இத்தனை நாள் அடக்கி வைத்திருந்ததை இன்றைக்குக் கொட்டித்தான் தீர்ப்பேன்.

2025 மே மாத வெயிலில் நான் கேட்டது ஒரே கேள்வி. ராத்திரி ஆட்டி வைத்த இட்லி மாவு பொழுது விடிவதற்குள் பொங்கி வழிந்து புளித்துப்போகிறது, என்ன செய்யலாம்? அவ்வளவுதான். மதுரைப் பக்கத்து அக்கா ஒருவர் உடனே பதில் போட்டார். ஆட்டும்போது ஐஸ் தண்ணீர் விடு, வெந்தயத்தைக் குறை, லேசாகப் பொங்க ஆரம்பித்ததும் தூக்கி ஃபிரிட்ஜில் வை என்றார். மறுநாளே செய்து பார்த்தேன், நன்றாக வந்தது. "அக்கா, பூப்போல வந்திருக்கு, ரொம்ப நன்றி" என்று அதன் கீழேயே எழுதினேன். நியாயமாகப் பார்த்தால் கதை இதோடு முடிந்திருக்க வேண்டும்.

யாரோ நல்ல மனதோடு என் கேள்வியை பூஸ்ட் செய்தார், அதாவது தன் ஃபாலோயர்களும் பார்க்கும்படி பகிர்ந்தார். அவருடைய ஃபாலோயர்கள் வேறு வேறு சர்வர்களில் இருக்கிறார்கள். அவர்களிடம் என் கேள்வி மட்டும் போய்ச் சேர்ந்தது. அக்காவின் பதில் போகவில்லை, என் நன்றியும் போகவில்லை. அப்புறம் வரிசையாக ஐஸ் தண்ணீர், ஐஸ் தண்ணீர், ஐஸ் தண்ணீர். பதில் போட்ட ஒவ்வொருவரும் தான்தான் முதல் ஆள் என்று நினைத்து நேரம் செலவழித்து எழுதுகிறார்கள். ஒவ்வொருவருக்கும் நான் "ஆமாம், ஏற்கெனவே சொன்னார்கள்" என்று எழுத வேண்டியிருந்தது. நடுவில் உப்புச் சண்டை வேறு. உப்புப் போட்டு வைத்தால்தான் சீக்கிரம் புளிக்கும் என்று ஒரு கட்சி, உப்புதான் புளிப்பை மட்டுப்படுத்தும் என்று இன்னொரு கட்சி. இரண்டு கட்சியும் எதிரெதிரே உட்கார்ந்து பேசியிருந்தால் கேட்கவே சுவையாக இருந்திருக்கும். ஆனால் ஒருவர் எழுதுவது மற்றவருக்குத் தெரியவில்லை. எல்லோரும் என்னிடம்தான் சண்டை போட்டார்கள். கடைசியில் ஒருவர் வந்து, "இத்தனை பேர் மெனக்கெட்டுச் சொல்லியும் ஒரு நன்றி சொல்லத் தெரியவில்லையா, இதுதான் நம் பண்பாடா" என்று கேட்டார். எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை.

இது ஏன் நடக்கிறது என்பது ஒன்றும் ரகசியம் இல்லை. மாஸ்டடானாக இருந்தாலும் அதனுடன் பேசுகிற மற்ற மென்பொருள்களாக இருந்தாலும், உலகத்துப் பதிவுகளையெல்லாம் ஓரிடத்தில் வைத்திருப்பதில்லை. ஒவ்வொரு சர்வரும் தன்னிடம் வந்து சேர்ந்ததை மட்டும் காட்டுகிறது. பதில் யாருக்கு எழுதப்பட்டதோ அவருடைய சர்வருக்குப் போகும், எழுதியவரின் ஃபாலோயர்கள் இருக்கும் சர்வர்களுக்குப் போகும். சில சமயம் இன்னும் கொஞ்சம் தூரம் போகும். சம்பந்தமே இல்லாத மூன்றாவது சர்வரில் ஒருவர் பூஸ்ட் வழியாகப் பார்க்கிறார் என்றால், அவருக்குத் தெரிவது பெரும்பாலும் கேள்வியும் கீழே வெற்றிடமும்தான். விருப்பக்குறியின் எண்ணிக்கைகூட ஒரு சர்வரில் ஒரு மாதிரி, இன்னொன்றில் வேறு மாதிரி.

2016-இல் ஜெர்மனியில் அய்கன் ரோஷ்கோ மாஸ்டடானை வெளியிட்டார். இந்தச் சர்வர்கள் ஒன்றோடொன்று பேசிக்கொள்ள உதவும் ஆக்டிவிட்டிபப் நெறிமுறையை, இணையத் தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பு 2018 ஜனவரியில் தரமாக அங்கீகரித்தது. விடுபட்ட பதில்களைத் தேடிக் கொண்டுவந்து காட்டும் வசதி மாஸ்டடானில் முழுசாக வந்தது 2025 நவம்பரில், 4.5 பதிப்பில். ஒருவர் பேசினால் மற்றவர் பேசியதையும் சேர்த்துக் காட்ட ஒன்பது வருடம்! அதுவும் ஒவ்வொரு சர்வரின் அட்மினும் புதிய பதிப்பைப் போட்டால்தான் உண்டு. என் நண்பர்கள் சிலர் இருக்கும் சர்வர்கள் இன்னும் பழைய பதிப்பிலேயே ஓடுகின்றன.

மாவுக் கதையை விடுங்கள், அது புளித்தால் தோசை ஊற்றிக்கொள்ளலாம். என்னை உண்மையில் கொதிக்க வைத்தது அதற்குப் பின்னால் நடந்தது.

எங்கள் பக்கத்தில் கழிவுநீர்த் தொட்டிக்குள் இறங்கிய இரண்டு பேர் விஷவாயு தாக்கிச் செத்துப்போனார்கள். அதைப் பற்றி எழுதினேன். பாதுகாப்புக் கருவி இல்லாமல் மனிதரை மலக்குழிக்குள் இறக்கக் கூடாது என்று 2013-இலேயே சட்டம் வந்துவிட்டது. இப்படிச் செத்தவர்களின் குடும்பத்துக்கு 10 லட்சம் கொடுக்க வேண்டும் என்று 2014-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2023 அக்டோபரில் அதை 30 லட்சமாக உயர்த்தியது. அப்படியும் இறக்கிக்கொண்டுதான் இருக்கிறார்கள், செத்தவர் வீட்டார்தான் அந்தப் பணத்துக்கு அலைய வேண்டியிருக்கிறது என்று எழுதினேன்.

முதல் பதிலிலேயே ஒருவர் "30 லட்சத்துக்கு ஆதாரம் உண்டா?" என்று கேட்டார். நல்ல கேள்வி. அதன் கீழேயே தீர்ப்பின் இணைப்பைப் போட்டேன். அவரும் படித்துவிட்டு நன்றி சொன்னார். அதற்குள் பதிவு பூஸ்ட் ஆகிப் பல ஊர் தாண்டிப் போய்விட்டது. அங்கிருந்து வந்தார்கள் பாருங்கள். ஆதாரம் எங்கே? ஆதாரம் இல்லாமல் ஏன் எழுதுகிறாய்? புரளி கிளப்பாதே. ஒருவர் இன்னும் மேலே போய், "சாவை வைத்து லைக் வாங்குகிறாய்" என்று எழுதினார். தீர்ப்பின் இணைப்பு இரண்டு பதிலுக்குக் கீழே கிடக்கிறது! அவர் திரையில் அது இல்லை. இல்லை என்பதால் நான் பொய்யன் ஆகிவிட்டேன். செத்துப்போன இரண்டு பேரின் சாவும் புரளி ஆகிவிட்டது.

அதோடு விட்டார்களா? "இதற்கு ஏன் எச்சரிக்கைத் திரை போடவில்லை, அரசியல் என்று மேலே குறிப்பிட்டு மறைத்திருக்க வேண்டாமா, இங்கே ஒரு மரபு இருக்கிறது" என்று ஆங்கிலத்தில் வகுப்பு எடுக்க ஆரம்பித்தார் இன்னொருவர். சாப்பாட்டுப் படத்துக்கு எச்சரிக்கை போடச் சொன்னபோது நான் மறுபேச்சுப் பேசியதில்லை. உணவைப் பார்த்தாலே பதற்றமாகிறவர்கள் இருக்கிறார்கள், அவர்களுக்காக ஒரு வரி சேர்ப்பதில் எனக்கு ஒரு சிரமமும் இல்லை. படத்துக்கு விளக்கம் எழுதச் சொன்னால் எழுதுகிறேன், பார்வை இல்லாத நண்பர்கள் அதைக் கேட்டுத்தான் தெரிந்துகொள்கிறார்கள். ஆனால் சாதியின் பெயரால் குழிக்குள் இறக்கப்பட்டவரின் சாவை ஒரு பட்டனுக்குப் பின்னால் ஒளித்து வை என்று எனக்குச் சொல்ல நீங்கள் யார்? அவர்களுக்கு அது அரசியல் இல்லை, அன்றாடப் பிழைப்பு. 2022 நவம்பரில் ட்விட்டரிலிருந்து கூட்டமாக மாஸ்டடானுக்கு வந்த கறுப்பின மக்களிடமும் இப்படித்தான் சொன்னார்கள். தங்கள் மீது காட்டப்படும் இனவெறியைப் பற்றி எழுதியபோது அதை எச்சரிக்கைக்குப் பின்னால் வை என்றார்கள். அவர்களில் பலர் வெறுத்துப்போய்க் கிளம்பிவிட்டார்கள். அதிலிருந்து கொஞ்சமாவது கற்றிருக்க வேண்டாமா?

இன்னொரு கொடுமையும் இருக்கிறது. இலங்கைத் தோழி ஒருத்தியோடு வருடக்கணக்காகப் பேசிக்கொண்டிருந்தேன். புத்தகம், மழை, அம்மாவின் முழங்கால் வலி, விலைவாசி, எல்லாம். திடீரென்று அவள் பதிவு எதுவும் என் பக்கம் வருவதில்லை. நான் ஏதோ சொல்லி மனசு நொந்துவிட்டாளோ என்று நினைத்து நினைத்துக் குமைந்தேன். அவளும் அங்கே அப்படியே நினைத்துக்கொண்டிருந்திருக்கிறாள். கடைசியில் வாட்ஸ்அப்பில் பிடித்துக் கேட்டபோதுதான் விஷயம் வெளியே வந்தது. அவள் சர்வரில் இருந்த வேறு யாரோ செய்த தொல்லைக்காக என் சர்வரின் அட்மின் அந்தச் சர்வரையே துண்டித்துவிட்டார். அவளுக்கும் எனக்கும் இடையில் இருந்த ஃபாலோ இரண்டு பக்கமும் அறுந்துபோயிருந்தது. ஒரு வார்த்தை அறிவிப்பு இல்லை. இப்படித் துண்டிக்கப்பட்டால் "இன்னின்ன தொடர்பு அறுந்தது" என்று மாஸ்டடான் சொல்ல ஆரம்பித்ததே 2024 அக்டோபரில், 4.3 பதிப்பில்தான். அதுவரை எத்தனை நட்பு இப்படிச் சத்தமில்லாமல் முறிந்திருக்கும்!

துண்டிப்பதே தவறு என்று நான் சொல்லவில்லை. 2019-இல் காப் என்ற சமூக வலைத்தளம், அந்த வெறுப்புக் கூடாரம், மாஸ்டடான் மென்பொருளை எடுத்துக்கொண்டு உள்ளே வந்தபோது சர்வர்கள் ஒன்று சேர்ந்து அதை வெளியே நிறுத்தின. நல்ல வேலை. ஒரு வெறியனுக்காகத் துண்டிக்கும்போது அந்தப் பக்கம் உங்கள் ஆட்கள் யார் யாரோடு பேசிக்கொண்டிருக்கிறார்கள் என்று ஒருமுறை பார்த்து முன்கூட்டியே சொல்லிவிடுங்கள் என்றுதான் கேட்கிறேன்.

சர்வரே மூடிப்போனால் கேட்கவே வேண்டாம். மாஸ்டடான்.லால் சர்வரின் அட்மின் வசவும் வெறுப்பும் தாங்க முடியாமல் 2023-இல் மூடப்போவதாக அறிவித்தார். அவர் மேல் எனக்கு வருத்தம் இல்லை, அவரை அந்த நிலைக்குத் தள்ளியவர்கள் மேல்தான். 2024 பிப்ரவரியில் க்வியர்.ஏஎஃப் சர்வரின் முகவரியையே தாலிபான் அரசு முடக்கியது. ஏஎஃப் என்பது ஆப்கானிஸ்தானின் இணையக் குறியீடு. சர்வர் மூடும்போது வேறு இடத்துக்குப் போகலாம், ஃபாலோயர்களையும் கூட்டிக்கொண்டு போகலாம், ஆனால் பதிவுகள் கூட வராது. பல வருடம் எழுதியது, அதன் கீழே நண்பர்கள் எழுதியது எல்லாம் அங்கேயே போய்விடும். தரவிறக்கி வைத்துக்கொள்ளலாம்தான், அந்தக் கோப்பை வைத்துக்கொண்டு யாரோடு பேசுவது? தன் தளத்தில் பட்டியலிடும் சர்வர்கள் மூடுவதற்கு மூன்று மாதம் முன்பே சொல்ல வேண்டும் என்று மாஸ்டடான் ஓர் உடன்படிக்கை வைத்திருக்கிறது. பட்டியலில் இல்லாத சின்னச் சர்வர்களை அது கட்டுப்படுத்தாது. தமிழில் எழுதுகிற எங்களில் பலர் அப்படிப்பட்ட சின்னச் சர்வர்களில்தான் சிதறிக் கிடக்கிறோம்.

சிதறிக் கிடப்பவர்களைத் தேடிக் கண்டுபிடிக்கவாவது முடிகிறதா? பதிவுகளை முழுதாகத் தேடும் வசதி 2023 செப்டம்பரில் வந்தது. அதிலும் எழுதுபவர் தானே போய் அமைப்பில் அனுமதி கொடுத்தால்தான் அவர் பதிவு கிடைக்கும், சர்வரிலும் தேடல் வசதி ஓட வேண்டும். தொல்லை கொடுப்பவர்கள் தேடிப் பிடித்து அடிக்காமல் இருக்க இப்படி வைத்தார்கள், அந்தக் காரணத்தை மதிக்கிறேன். ஆனால் புதிதாக வருகிற தமிழரிடம் அந்த அமைப்பு எங்கே இருக்கிறது என்று யாரும் சொல்வதில்லை. அவர் "இட்லி" என்று தேடுவார், ஒன்றும் வராது. இங்கே தமிழர் யாரும் இல்லை போல என்று நினைத்து ஒரே வாரத்தில் போய்விடுவார். அவரை இழந்தது பற்றி இங்கே ஒருவருக்கும் கவலை இல்லை.

இதையெல்லாம் சொன்னால் கிடைக்கும் பதில் இருக்கிறதே, அதுதான் எரிகிற தீயில் எண்ணெய். "பிடிக்கவில்லையென்றால் நீயே சொந்தமாகச் சர்வர் நடத்து." மாதாமாதம் வாடகை, டொமைன், பெருகிக்கொண்டே போகும் படங்களுக்கு இடம், நள்ளிரவில் எழுந்து பார்க்க வேண்டிய புகார்கள், இதையெல்லாம் யார் செய்வது? பேருந்தில் நின்றுகொண்டு இரண்டு வரி எழுதுகிற ஆளிடம் போய் இதைச் சொல்லலாமா? சொந்தமாக ஒருவர் மட்டும் இருக்கும் சர்வர் நடத்தினால் பதில்கள் இன்னும் குறைவாகத்தான் வந்து சேரும் என்பதாவது அவர்களுக்குத் தெரியுமா?

இன்னொரு பதில், "அப்படியானால் ட்விட்டருக்கே திரும்பிப் போ." போக மாட்டேன். 2019-இல் மூத்த வழக்கறிஞர் சஞ்சய் ஹெக்டேயின் கணக்கை ட்விட்டர் முடக்கியபோது இந்தியாவிலிருந்து பெருங்கூட்டம் மாஸ்டடான் பக்கம் வந்தது. ஒரு கம்பெனி நினைத்தால் ஒருவர் வாயை அடைத்துவிடலாம் என்பதைக் கண்ணால் பார்த்துவிட்டுத்தான் வந்தார்கள். நானும் அதே காரணத்துக்காகத்தான் இங்கே இருக்கிறேன். விளம்பரம் இல்லை, எதை முதலில் காட்டுவது என்று தீர்மானிக்கும் இயந்திரம் இல்லை, 500 எழுத்துக்குள் நிம்மதியாக நாலு விஷயம் பேசலாம். இந்த இடம் எனக்கு வேண்டும். வேண்டும் என்பதால்தான் தொண்டை கிழியக் கத்துகிறேன்.

குறையைக் குறை என்று ஒப்புக்கொண்டால் எனக்குப் பாதிக் கோபம் போய்விடும். அதைப் பெருமையாகச் சொல்வதைத்தான் தாங்க முடியவில்லை. பதில் திரையில் தெரியவில்லை என்றால் "அதுதான் பரவலாக்கம், எல்லாம் ஓரிடத்தில் இருக்காது" என்கிறார்கள். ஒரு பதிவை மேற்கோள் காட்டி எழுத முடியவில்லை என்றபோது, அது வசைக்கு வழி வகுக்கும், இல்லாததே நல்லது என்று வருடக்கணக்காக வாதாடினார்கள். கடைசியில் 2025-இல், யார் மேற்கோள் காட்டலாம் என்பதை எழுதியவரே தீர்மானிக்கும்படி அந்த வசதி வந்தது. முன்பே கேட்டவர்களிடம் ஒருவராவது "நீங்கள் சொன்னது சரி" என்றார்களா?

அட்மின்களே, சம்பளம் வாங்காமல் இதைச் செய்கிறீர்கள், அந்த உழைப்பை நான் குறைத்துச் சொல்லவில்லை. மாஸ்டடானின் 4.5 பதிப்பைப் போடாமல் வைத்திருந்தால் தயவுசெய்து போடுங்கள். மற்றவர்களே, ஒரு பதிவைப் பார்த்துக் கோபம் வந்தால் அதன் மெனுவைத் திறங்கள். மூலப் பக்கத்தைத் திறக்கும் வழி அங்கேயே இருக்கிறது. எழுதியவரின் சர்வரில் பொதுவாகப் போட்ட பதில்கள் பெரும்பாலும் தெரியும். அங்கே போய்ப் படியுங்கள். ஆதாரம் இருக்கிறதா, யாராவது ஏற்கெனவே கேட்டாயிற்றா, எழுதியவர் பதில் சொல்லியாயிற்றா என்று பாருங்கள். அதற்குப் பிறகும் நான் எழுதியது தப்பு என்று பட்டால் வந்து திட்டுங்கள். உட்கார்ந்து பதில் சொல்கிறேன்.