பணத்தைக் கொடுத்தா முடிஞ்சிரும்னு யார் சொன்னது?

ஏழு ரோட்டு டிரைவர் தம்பி விஷயம் கொடைக்கானல்ல எல்லாருக்கும் தெரியும், சுருக்கமா சொல்றேன். ஒரு பொண்ணோட வண்டி வாடகைத் தகராறு, "கையைப் பிடிச்சு இழுத்தான்னு கேஸ் கொடுப்பேன்"னு மிரட்டல், பயந்துபோய் தம்பி ஜிபேல 40,000 ரூபாய் அனுப்பிட்டான். எனக்குக் கோபம் அந்தத் தம்பி மேல இல்ல. குரூப்ல அந்தச் செய்திக்குக் கீழே "நல்லவேளை, பணத்தோட போச்சு"ன்னு எழுதினீங்களே, உங்க மேலதான்.

பணத்தோட போகாதுங்க. நாளைக்கே புகார் வந்தா அந்த ஜிபே பதிவையே காட்டி, "தப்பு பண்ணாதவன் ஏன் கொடுத்தான்?"னு கேப்பாங்க. அடுத்த மாசம் இன்னொரு 40,000 கேக்கவும் வழி திறந்தாச்சு. பயமுறுத்திக் காசு பறிச்சா பாரதிய நியாய சன்ஹிதா (இப்ப இருக்கிற தண்டனைச் சட்டம்) 308ஆவது பிரிவுல ஏழு வருஷம் வரைக்கும் சிறை. காசு கைமாறலைன்னாலும், பறிக்கிறதுக்காகப் பயமுறுத்தினதே தனிக் குற்றம், ரெண்டு வருஷம் வரை. சட்டம் இவ்வளவு தெளிவா நம்ம பக்கம் நிக்குது. நாமதான் பேசி முடிக்கப் போறோம்.

மிரட்டல் வந்த அன்னைக்கே எழுத்து வேணும். வாட்ஸ்ஆப் கால்ல மிரட்டினா, கால் முடிஞ்சதும் மரியாதையா ஒரு மெசேஜ் போடுங்க: "இப்ப போன்ல 40,000 கேட்டீங்க, தரலைன்னா புகார் கொடுப்பேன்னு சொன்னீங்க. நான் எந்தத் தப்பும் பண்ணல, பணம் தர முடியாது." தேதி, நேரத்தோட அது நிக்கும். திட்டாதீங்க, பதிலுக்கு மிரட்டாதீங்க. மறையுற மெசேஜ் வசதியை உடனே நிறுத்துங்க. ஸ்க்ரீன்ஷாட் மட்டும் போதாது, சாட்டை முழுசா எக்ஸ்போர்ட் பண்ணி வைங்க. அந்தப் போனை விக்காதீங்க, ரீசெட் பண்ணாதீங்க. கோர்ட்ல மின்னணு ஆதாரம் நிக்கணும்னா பாரதிய சாக்ஷ்ய அதினியம் (சாட்சியச் சட்டம்) 63ஆவது பிரிவுச் சான்றிதழ் கேப்பாங்க. மூலப் போன் கையில இல்லாமத் தடுமாறுறவங்க ஏராளம்.

வெளியூர் வண்டியில வந்து தங்குறவங்கன்னா, கொடைக்கானலுக்கு வர அவங்க எடுத்த இ-பாஸ் நகலை வாங்கி வைக்கிறதை காட்டேஜ்காரங்க பழக்கமாக்குங்க. 2024 மே 7ல இருந்து அது இருக்கு. என்னைக்கு வந்தாங்கன்னு தகராறே வராது.

அப்புறம் ஸ்டேஷன்ல புகார். நாள், நேரம், இடம், கேட்ட தொகை, சொன்ன வார்த்தை அப்படியே. அவங்க குணத்தைப் பத்தி ஒரு வரி கூட வேண்டாம். சிஎஸ்ஆர் ரசீது (புகாரைப் பதிவேட்டுல ஏத்தினதுக்கான ரசீது) இல்லாம வெளியே வராதீங்க. வாங்க மாட்டேன்னா எஸ்.பி.க்கு ஸ்பீடு போஸ்ட்ல அனுப்புங்க, பிஎன்எஸ்எஸ் (குற்றவியல் நடைமுறைச் சட்டம்) 173(4) அந்த உரிமையைக் கொடுக்குது. அவங்க புகார் வர்றதுக்கு முன்னாடி தேதி போட்ட உங்க ரசீது இருந்தா விசாரிக்கிற அதிகாரி வேற மாதிரிதான் பார்ப்பார்.

"ரசீதை வச்சு என்ன பண்றது, கைது பண்ணிட்டா?"ன்னு கேப்பீங்க. கையைப் பிடிச்சதா வர்ற புகார் பெரும்பாலும் நியாய சன்ஹிதா 74ஆவது பிரிவு. ஜாமீன் தானா கிடைக்காது, உண்மைதான். ஆனா தண்டனை அஞ்சு வருஷம் வரைதான். ஏழு வருஷத்துக்குள்ள இருக்கிற வழக்குல இயந்திரம் மாதிரி கைது பண்ணக் கூடாதுன்னு 2014ல அர்னேஷ் குமார் வழக்குல சுப்ரீம் கோர்ட் சொல்லிருச்சு. விசாரணைக்கு வரச் சொல்லி பிஎன்எஸ்எஸ் 35(3) நோட்டீஸ் வந்தா கண்டிப்பா போங்க. போகாம ஒளிஞ்சாத்தான் கைதுக்குக் காரணம் கிடைக்கும். போலீஸ் எழுதுற வாக்குமூலத்துல கையெழுத்துக் கேக்கக் கூடாது, அது சட்டம்.

முன்ஜாமீனுக்கு எஃப்ஐஆர் வர்ற வரைக்கும் காத்திருக்க வேண்டாம். நியாயமான பயம் இருந்தா போதும்னு 1980லயே தீர்ப்பு இருக்கு. மாஜிஸ்திரேட் கோர்ட்ல கிடைக்காது. வத்தலக்குண்டு வழியா இறங்கி திண்டுக்கல் செஷன்ஸ் கோர்ட்டுக்குப் போகணும், இல்லைன்னா ஹைகோர்ட் மதுரைக் கிளை. ஊட்டிக்காரங்களுக்கு செஷன்ஸ் கோர்ட் ஊர்லயே இருக்கு, நமக்கு அந்தக் கொடுப்பினை இல்ல. அதனாலதான் வெள்ளிக்கிழமை சாயங்காலம் வரைக்கும் இழுக்காதீங்கன்னு சொல்றேன். வக்கீலுக்குக் காசு இல்லையா? 15100க்குக் கூப்பிடுங்க, இலவச சட்ட உதவிக்குத் தகுதி இருக்கான்னு சொல்லுவாங்க.

"அப்போ புகார் கொடுக்கிற பொண்ணுங்க எல்லாம் பொய்யா?"ன்னு ஒரு அக்கா கேட்டிருந்தாங்க. இல்லக்கா. சத்தியமா இல்ல. நிஜமா பாதிக்கப்பட்டு, மலை இறங்கக் காசில்லாம வாயை மூடிட்டிருக்கிற பொண்ணுங்கதான் இங்க அதிகம். நான் சொன்ன எதுவும் அவங்க புகாரைத் தடுக்காது. ரசீதும் நோட்டீஸும் உண்மைக்கு எதிரி இல்ல. காசு வாங்கிட்டுப் பேசி முடிக்கிற இந்தப் பழக்கம்தான் அவங்க உண்மையையும் விலைக்கு வைக்குது. அதை நினைச்சாத்தான் எனக்கு வயிறு எரியுது.

அதே எரிச்சல்லதான் சொல்றேன், அந்தப் பொண்ணு போட்டோவையும் நம்பரையும் குரூப்ல போட்டவங்க இப்பவே எடுங்க. தம்பிக்கு உதவி பண்றதா நினைச்சு அவன் கழுத்துல கல்லைக் கட்டுறீங்க. அவன் ஆள் வச்சு மிரட்டுறான்னு சொல்ல அது ஒண்ணு போதும். பாலியல் வன்கொடுமைப் புகாரா இருந்தா, அடையாளத்தை வெளியிட்ட உங்களுக்கே நியாய சன்ஹிதா 72ஆவது பிரிவுல ரெண்டு வருஷம் வரை சிறை.

இன்னொண்ணு. தகராறு நடந்த லாட்ஜ் வாசல்ல கேமரா இருக்கு. அதோட டிவிஆர்ல (கேமராப் பதிவு சேமிக்கிற பெட்டி) 15 நாள்தான் நிக்கும், அப்புறம் மேலேயே பதிவாகி அழிஞ்சிரும். இன்னைக்கு ஒன்பதாவது நாள். ஸ்டாண்டுல இருக்கிறவங்க யாராவது நாளைக்குக் காலையில தம்பியைக் கூட்டிட்டுப் போய், பதிவை அழிக்காம வைக்கச் சொல்லி லாட்ஜ்காரருக்கு எழுத்துல ஒரு கடிதம் கொடுங்க. அதோட நகல்ல அவர் கையெழுத்தும் தேதியும் வாங்கிக்கோங்க.