விறகா, பெல்லட்டா: மொன்றியல் வீட்டுக்கு ஒரு வெள்ளவத்தை யோசனை

கனடாவின் மொன்றியலில் பழைய செங்கல் வீடொன்றை வாங்கியிருக்கும் என் தங்கச்சி, வீட்டைச் சூடாக்க மின்சாரத்தை மட்டும் நம்பியிருக்க விரும்பாமல், விறகு அடுப்பு வைப்பதா, மரத்தூளை அமுக்கிச் செய்த குச்சிகளை எரிக்கும் பெல்லட் அடுப்பு வைப்பதா என்று இரண்டு வாரமாக என்னைக் கேட்டுக்கொண்டிருக்கிறாள். ஆண்டு முழுக்க மின்விசிறிக்குக் கீழே படுப்பவனிடம் போய்க் குளிர்காய வழி கேட்கிறாளே என்று மச்சான் சிரித்தாராம். சிரிக்கட்டும். நெருக்கமான நகரத்தில், பழைய வீட்டுக்குள் விறகு எரிப்பது என்றால் என்னவென்று 2022இல், இலங்கையின் பொருளாதார நெருக்கடியில், கொழும்பு வெள்ளவத்தையில் நாங்கள் நன்றாகவே படித்துக்கொண்டோம்.

அந்த ஏப்ரலில் 12.5 கிலோ எரிவாயு சிலிண்டரின் விலை 4,860 ரூபாவுக்கு ஏறியது. அந்த விலைக்கும் கிடைக்கவில்லை. அப்பப்பா காலத்துக் குசினியில் தகரம் அடித்து மூடியிருந்த புகைக்கூட்டைத் திறந்தோம். ஒழுங்கை முனைக்கு லொறியில் வந்த இறப்பர் விறகில் நான்கு கட்டு வாங்கினோம். கொள்ளி எரிந்ததைவிட அழுததுதான் அதிகம். ஒரு நுனி எரிய, மறு நுனியில் நுரை தள்ளிச் சீறிக்கொண்டிருந்தது. புகைக்கூடு கட்டிய நாளில் பக்கத்து வளவில் தென்னைகள் மட்டுமே நின்றன; இப்போது அங்கே தொடர்மாடி நிற்கிறது, எங்கள் புகை நேரே அதன் இரண்டாம் மாடிக் கொடிக்கயிற்றுக்குப் போனது. அந்த வீட்டு அன்ரி சண்டை பிடிக்கவில்லை. பிள்ளையின் வெள்ளைச் சீருடையில் படிந்திருந்த கரியை எங்கள் வாசலில் விரித்துக் காட்டிவிட்டுப் போனார்.

பச்சை மரத்தின் எடையில் ஏறத்தாழப் பாதி தண்ணீர். அதைப் பிளந்து, காற்றோட்டமான கூரையின்கீழ் ஓராண்டாவது அடுக்கி வைத்து, ஈரம் இருபது வீதத்துக்குக் கீழே இறங்கிய பிறகுதான் அது விறகு. அதற்கு முன் எரித்தால் வெப்பத்தில் ஒரு பங்கு தண்ணீரை ஆவியாக்குவதிலேயே செலவாகி, சரியாக எரியாத புகை தாராகப் புகைக்கூட்டின் உட்சுவரில் படிந்து, ஒருநாள் அதுவே தீப்பிடிக்கும். ஓராண்டு விறகை அடுக்க நகரத்து வீட்டில் இடம் எங்கே? மொன்றியலில் சட்டமும் இறுக்கமானது. 2018 ஒக்ரோபர் 1 முதல், மணித்தியாலத்துக்கு 2.5 கிராமுக்கு மேல் நுண்துகள் விடாதது என்று சான்று பெற்ற அடுப்பைத்தான் எரிக்கலாம். புகைமூட்ட எச்சரிக்கை நாட்களில் அதையும் எரிக்கக் கூடாது.

பெல்லட் என்பது நமக்கு அந்நியமான பொருள் அல்ல. பழைய பால்மா ரின் ஒன்றின் நடுவே போத்தலை நிறுத்தி, சுற்றிவர மரத்தூளை இடித்து இறுக்கி, போத்தலை மெல்லத் திருகி உருவிவிட்டு, அடியில் வெட்டிய துவாரத்தால் நெருப்பு வைத்தால் மணிக்கணக்கில் எரியுமே, அந்த மரத்தூள் அடுப்புக்கு இது ஒன்றுவிட்ட தம்பி. உலர்ந்த மரத்தூளைச் சல்லடைத் துளைகளினூடாக அமுக்கித் தள்ளும்போது ஏறும் சூட்டில் மரத்திலுள்ள லிக்னின் இளகிப் பசையாகிறது. ஆறு மில்லிமீற்றர் தடிப்பில் குச்சிகளாக வெளிவருகிறது. ஈரம் பத்து வீதத்துக்கும் குறைவு. ஒரு கிலோவில் ஏறத்தாழ 4.8 கிலோவாற்று மணி வெப்பம். சாம்பல் கொஞ்சம், புகை அதைவிடக் கொஞ்சம். பழைய வீட்டுக்கு இதில் இன்னொரு பெரிய வசதி, புகைக்கூடே தேவையில்லை, சுவரில் துளையிட்டு ஒரு சிறு குழாயை வெளியே விட்டால் போதும். நனைந்தால் மட்டும் மூடையோடு பொருமி மறுபடி மரத்தூளாகிவிடும். நிலவறையில் ஈரச்சுவர் பக்கமாக அடுக்கவே கூடாது.

குறை ஒன்றுதான், அது சின்னக் குறையும் அல்ல: குச்சியைத் தள்ளும் திருகுக்கும் காற்று ஊதும் விசிறிக்கும் மின்சாரம் வேண்டும். 1998 ஜனவரி உறைமழையில், மொன்றியல் இருக்கும் கியூபெக் மாகாணத்தில் சில இடங்கள் வாரக்கணக்கில் இருளில் கிடந்தன. 2023 ஏப்ரலிலும் பத்து லட்சத்துக்கு மேற்பட்ட இணைப்புகள் அறுந்தன. மூன்று மணித்தியாலத்துக்கு மேல் மின்சாரம் நின்றால் சட்டமே சான்றில்லாத அடுப்பையும் எரிக்க விடுகிறது. விறகுக்காக வாதாடுவோரின் பலமான வாதம் இதுதான். 2022இல் பதின்மூன்று மணித்தியால மின்வெட்டைக் கண்ட நான் அதைத் தட்டிவிட மாட்டேன். (மரம் திரும்ப வளரும், ஆகவே கரியமிலக் கணக்கு நேராகிவிடும் என்ற வாதத்தை மட்டும் நம்பவில்லை. எரிய ஒரு மாலை, வளரப் பல பத்தாண்டுகள்.)

இருந்தும் நான் பெல்லட்டைத்தான் சொன்னேன். ஆண்டில் சில நாள் வரக்கூடிய மின்தடைக்காக, பனிக்காலம் முழுவதும் பக்கத்து வீட்டுக் குழந்தையின் நெஞ்சுக்குள் புகை அனுப்ப முடியாது. பெல்லட் அடுப்பு பற்றும்போது சில நிமிடங்களுக்குக் கூடுதலாக மின்சாரம் இழுத்தாலும், ஓடும்போது கேட்பது பழைய நூறு வாற்று மின்குமிழ் அளவுதான். ஒரு கிலோவாற்று மணி மின்கலம் ஓர் இரவைத் தாண்ட வைக்கும். அதற்கும் முன் கூரைத்தட்டில் வெப்பக்காப்பு போட்டு, யன்னல் இடுக்குகளை அடைக்கச் சொல்லியிருக்கிறேன், ஓட்டைப் பானைக்கு எந்த அடுப்பும் போதாது. நேற்று இரவு அவள் ஒரு படம் அனுப்பியிருந்தாள்: வரவேற்பறையில் பழைய கணப்பு, அதன் வாயைப் பலகை அடித்து மூடியிருக்கிறார்கள். அதைத் திறக்கட்டுமா என்று கேட்டாள். உள்ளே பார்க்கத் தெரிந்த ஒருவர் வரும்வரை ஓர் ஆணியையும் கழற்றாதே என்று எழுதிவிட்டுப் படுத்தேன்.