ஷொய்பிளைச் சுட்டது செம்படையா?

"ஜெர்மன் அரசியல்வாதி வொல்ஃப்காங் ஷொய்பிளை இடதுசாரித் தீவிரவாதிகள் சுட்டார்கள், அதோடு அவர் அரசியல் முடிந்தது" என்று மேலே ஒரு நண்பர் எழுதியிருக்கிறார். இரண்டுமே தவறு. 1989-இல் வங்கித் தலைவர் ஹெர்ஹவுசனைக் கொன்றதற்குப் பொறுப்பேற்றதுதான் செம்படை (RAF) என்ற ஜெர்மன் இடதுசாரித் தீவிரவாதக் குழு. அதோடு இதையும் குழப்பிக்கொண்டார் போலிருக்கிறது.

ஷொய்பிள் சுடப்பட்டது 1990 அக்டோபர் 12 அன்று, ஜெர்மனி ஒன்றுசேர்ந்த ஒன்பதாவது நாள். ஒப்பென்னாவ் என்ற சின்ன ஊரில் தேர்தல் கூட்டம் முடிந்து கிளம்பும்போது ஒரு குண்டு முகத்தில், இன்னொன்று முதுகுத்தண்டில். காப்பாற்றப் பாய்ந்த மெய்க்காவலருக்கும் காயம். சுட்டவர் மனநலம் பாதிக்கப்பட்டவர். நீதிமன்றம் அவரைச் சிறைக்கு அல்ல, மனநல மருத்துவமனைக்கு அனுப்பியது.

அப்புறம், முடிந்தது என்பது. அடுத்த ஜூனிலேயே சக்கர நாற்காலியில் வந்து, நாடாளுமன்றமும் அரசும் பான் நகரிலிருந்து பெர்லினுக்கே போகவேண்டும் என்று நாடாளுமன்றத்தில் பேசினார். 338-க்கு 320 வாக்கில் பெர்லின் வென்றது. பிறகு கட்சித் தலைவர், நிதியமைச்சர், நாடாளுமன்றத் தலைவர் என்று எல்லாம் பார்த்தார். ஆஃபன்பர்க்கில் வக்கீலாக இருந்த அந்த மனிதர் 1972 முதல் 2023-இல் இறக்கும்வரை எம்.பி. உண்மையில் அவரைச் சறுக்கவைத்தது துப்பாக்கி அல்ல, ஆயுத வியாபாரியிடம் வாங்கிய ஒரு லட்சம் மார்க் ரொக்கம். 2000-இல் கட்சித் தலைமை போனது அந்த நன்கொடை விவகாரத்தில்தான்.